மூக்கின் உயரத்தில் காற்று

1981இல் குஜராத்தின் நான்கு கிராமங்களில், விறகடுப்பின் முன் உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருந்த பெண்களின் உடையில் சின்னப் பம்பு ஒன்றை மாட்டிவிட்டார்கள். அடுப்பு எரிந்த நேரம் முழுக்க, அந்தப் பெண் எந்தக் காற்றை மூச்சாக இழுத்தாரோ அதே காற்றைப் பம்பும் இழுத்து ஒரு வடிதாளின் வழியே அனுப்பியது. இந்திய ஆய்வாளர்களுடன் சேர்ந்து இதைச் செய்தவர் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்கர். தாளில் படிந்ததை எடைபோட்டுக் கணக்கிட்டபோது, ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 7 மில்லிகிராம் தூசும் கரியும் இருந்தது தெரிந்தது. மைக்ரோகிராமில் சொன்னால் 7000. இன்று இந்தியா திறந்தவெளிக் காற்றுக்கு விதித்திருக்கும் வரம்பு, 10 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்களுக்கு நாள் சராசரியாக 100. இரண்டும் ஒரே வகை அளவு இல்லை என்றாலும், எந்த உயரத்தில் இருக்கிறோம் என்று காட்ட இது போதும்.

காற்று மாசு என்றாலே ஆலைப் புகைபோக்கியும் லாரியும் 1952 டிசம்பரில் லண்டனில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற புகைமூட்டமும்தான் நினைவுக்கு வந்த காலம் அது. அளக்கும் கருவிகள் நகரங்களில், பெரும்பாலும் கட்டடங்களின் மொட்டைமாடியில் இருந்தன. கிராமத்துக் காற்று சுத்தமானது என்பதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, அப்படியே நம்பினார்கள். ஸ்மித் செய்த அடிப்படையான காரியம் கருவியை இடம் மாற்றியதுதான். மாடியிலிருந்து இறக்கி, சமைக்கும் பெண்ணின் மூக்குக்கு அருகே வைத்தார். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த இடமாற்றத்தைப் பற்றியதே. காற்றின் தரத்தை அளக்கிறோம் என்றால் யாருடைய காற்றை, எந்த நேரத்தில், எந்த உயரத்தில் என்று கேட்டாக வேண்டும். அதைக் கேட்காமல் சொல்லப்படும் எண் பாதி உண்மைதான்.

இதற்கு ஓர் இயற்பியல் காரணம் இருக்கிறது. அனல்மின் நிலையத்தின் உயரமான புகைபோக்கியிலிருந்து கிளம்பும் புகை, ஒரு மனிதரின் மூக்கை எட்டும் முன் பல கிலோமீட்டர் பரவி நீர்த்துப்போகிறது. ஆளுயரக் கூரையுள்ள சமையலறையில் கிளம்பும் புகைக்குப் பரவ இடமில்லை. பக்கத்திலேயே ஆளும் இருக்கிறார். துறையில் இருப்பவர்கள் இதை ஒரு தோராய விதியாகச் சொல்வார்கள்: வெளியில் விடப்படும் ஒரு கிராம் மாசைவிட, வீட்டுக்குள் விடப்படும் ஒரு கிராம் மாசு யாரோ ஒருவரின் நுரையீரலுக்குள் போகும் வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. ஒரு வீட்டு அடுப்பு ஊரளவில் பார்த்தால் அற்பமானது. அந்த வீட்டுக்காரருக்கு அது ஆலைக்குச் சமம்.

புகையில் நம்மை அதிகம் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத பகுதி. 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான விட்டமும் கொண்ட துகள்களைச் சேர்த்து பிஎம் 2.5 என்கிறார்கள். தலைமுடியின் தடிமனில் இது இருபதில், முப்பதில் ஒரு பங்கு. விறகுப் புகையில் பெரும்பாலான துகள்கள் இதைவிடவும் பொடியானவை, ஒரு மைக்ரோமீட்டருக்கும் கீழே. பத்து மைக்ரோமீட்டர் துகள் ஆளுயரத்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் தரையில் விழுந்துவிடும். அரை மைக்ரோமீட்டர் துகளுக்கு அதே தூரத்தைக் கடக்க, காற்று அசையவே அசையாது என்று வைத்துக்கொண்டாலும், ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். உண்மையில் அறைக்காற்று எப்போதும் அசைகிறது. ஆகவே அது விழுவதே அரிது. பெரிய தூசு மூக்கிலும் தொண்டையிலும் சளியில் ஒட்டி வெளியேறுகிறது. பொடித்துகள் காற்றோடு காற்றாக மூச்சுக்குழலின் கடைசிக் கிளைவரை போய்க் காற்றறைகளில் இறங்குகிறது.

இதை அளப்பது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் ஒரு நாள் முழுக்க இழுத்தால், பம்பின் வழியே போகும் காற்று 3 கன மீட்டருக்கும் குறைவு. அந்தக் காற்றில் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் துகள் இருந்தால், வடிதாளில் சேரும் எடை மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஒரு சர்க்கரைப் பரலின் எடை இதைவிட அதிகம். விரல் பட்ட பிசுக்கும், தாள் உறிஞ்சிய ஈரமும் அந்த எடையை விழுங்கிவிடும். அதனால் வெப்பமும் ஈரப்பதமும் மாறாத அறையில் தாள்களைக் கிடத்தி வைத்து, மைக்ரோகிராம் காட்டும் தராசில், போகும் முன் ஒரு முறை, வந்த பின் ஒரு முறை எடைபோடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு வேறொன்று. ஒவ்வொரு முறையும் சில தாள்களை வெறுமனே கூட அனுப்புவார்கள். அவை மற்ற தாள்களோடு கிராமத்துக்குப் போய், காற்றையே பார்க்காமல் திரும்பி வரும். அவற்றின் எடை கூடியிருந்தால் அது பயணத்தில் ஒட்டிய அழுக்கு. மற்ற தாள்களின் கணக்கிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். தன் கையின் அழுக்கையும் கணக்கில் வைத்த பிறகுதான் இந்த அறிவியல் அடுப்பின் மேல் குற்றம் சொல்கிறது.

தமிழ்நாட்டில் இந்த வேலையின் முகவரி சென்னை போரூர். அங்குள்ள ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகளாக வீட்டுப் புகையை அளந்துவருகிறார்கள். 2002இல் வெளியான அவர்களுடைய ஆய்வு, தமிழகக் கிராமங்களில் 436 வீடுகளைப் பார்த்தது. விறகும் சாணவறட்டியும் எரியும் வீடுகளில் சமையல் நேரத்தில் நுரையீரலுக்குள் போகக்கூடிய துகள்கள் கன மீட்டருக்கு 500 முதல் 2000 மைக்ரோகிராம் வரை இருந்தன. அந்த வீடுகளில் சமைப்பவருக்கு 24 மணி நேரச் சராசரி 231, சமைக்காதவருக்கு 90. எரிவாயு போன்ற சுத்தமான எரிபொருள் உள்ள வீடுகளில் எல்லோருக்கும் 82 அளவில் இருந்தது.

இந்த மூன்று எண்களையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே சோறு. ஆனால் மனைவியின் நுரையீரலுக்குப் போவது கணவருடையதைப் போல இரண்டரை மடங்கு. வீட்டுக்கு நடுவில் ஒரு கருவியை வைத்து ‘இந்த வீட்டின் காற்று இவ்வளவு’ என்று ஒரே எண்ணாகச் சொல்லியிருந்தால் இந்த வேறுபாடு காணாமல் போயிருக்கும். அம்மாவின் இடுப்பிலோ மடியிலோ இருக்கும் கைக்குழந்தை எந்தக் கணக்கில் வரும் என்பதையும் சொல்லத் தேவையில்லை. 82 என்ற எண் வேறொன்றைச் சொல்கிறது. அடுப்பை மாற்றிய வீட்டிலும் காற்று சுத்தமாகிவிடவில்லை. பக்கத்து வீட்டுப் புகை வேலியைத் தாண்டி வந்துகொண்டே இருக்கிறது. இதற்குக் கடைசியில் திரும்ப வருவேன்.

வீட்டுப் புகையால் உலகில் ஆண்டுக்கு 32 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்பது 2020ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. புகை என்றால் இருமல், இளைப்பு, சளி என்றுதான் நாம் நினைக்கிறோம். இந்த மரணங்களில் பாதிக்கு மேல் மாரடைப்பும் பக்கவாதமும். காற்றறையில் இறங்கிய துகளை விழுங்க உடலின் காவல் செல்கள் வருகின்றன, அழற்சி தொடங்குகிறது, அந்த அழற்சியின் வேதிச் செய்திகள் ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் போகின்றன. ரத்தக்குழாய்ச் சுவர் விறைக்கிறது, உள்ளே கொழுப்புப் படிவு கூடுகிறது, ரத்தம் உறையும் தன்மை அதிகரிக்கிறது. மீதி மரணங்களில் நிமோனியாவும், சிஓபிடி என்று மருத்துவர்கள் சொல்லும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பும், நுரையீரல் புற்றுநோயும் அடங்கும். ஒரு சிகரெட்டையும் தொடாத கிராமத்துப் பாட்டிக்குச் சிஓபிடி எப்படி வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. அறுபது வருஷம் ஊதாங்குழலை வாயில் வைத்து அடுப்பை ஊதியவர் அவர்.

அளந்தாயிற்று, கெடுதல் தெரிந்தாயிற்று. புகையைக் குறைத்தால் போதாதா? அப்படித்தான் பல காலம் நினைத்தார்கள். ‘புகையில்லா அடுப்பு’ என்ற பெயரில் இந்திய அரசு 1980களில் ஒரு தேசியத் திட்டத்தையே தொடங்கி, கோடிக்கணக்கில் அடுப்புகளைக் கொடுத்தது. பலவும் சீக்கிரமே பழுதாகிப் பழைய அடுப்புகளே திரும்பின. 2002இல் திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டு குவாத்தமாலாவின் மலைப்பகுதியில் ஸ்மித்தின் குழு ஒரு பரிசோதனையைத் தொடங்கியது. கர்ப்பிணியோ கைக்குழந்தையோ உள்ள 534 வீடுகளில், குலுக்கல் முறையில் பாதிக்குப் புகைபோக்கி வைத்த அடுப்பு. மீதிக்கு வழக்கமான திறந்த அடுப்பு, ஆய்வு முடிந்ததும் அவர்களுக்கும் புதியது. குழந்தைகள் மூச்சிழுத்த கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைந்தது. கடுமையான நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மொத்த நிமோனியாவிலோ, தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

புகை பாதியானால் நோயும் பாதியாகாதா? ஆகாது. புகையின் அளவுக்கும் நோய்க்குமான உறவு நேர்க்கோடு இல்லை. குறைந்த அளவுகளில் கோடு செங்குத்தாக ஏறுகிறது. மேலே போகப்போகப் படுத்துவிடுகிறது. கன மீட்டருக்கு 600 மைக்ரோகிராம் துகளை 300 ஆக்கினால் கிடைக்கும் பலன் சொற்பம். 60ஐ 15 ஆக்கினால் கிடைப்பது பெரிது. புகைபோக்கியும் புகையை இல்லாமல் ஆக்குவதில்லை, கூரைக்கு வெளியே தள்ளுகிறது, அவ்வளவே. ஆகவே விறகை நன்றாக எரிக்கும் அடுப்பைத் தேடுவதை விட்டு, எரிவாயுவையும் மின்சாரத்தையும் ஏழை வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் வழி என்ற முடிவுக்கு ஸ்மித் வந்தார். 2016 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கிய, ஏழை வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு தரும் உஜ்வலா திட்டத்துக்குப் பின்னால் இருந்த வாதங்களில் அவருடையதும் ஒன்று.

அந்த வாதத்தையே சோதித்தது ஹேப்பின் என்ற ஆய்வு. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என நான்கு நாடுகள், 3200 கர்ப்பிணிகள். இந்தியாவில் அது நடந்த இடம் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்கள். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் ஒன்றரை ஆண்டுக்கு வேண்டிய சிலிண்டர்களும் இலவசமாக வீடு தேடி வந்தன. பெண்கள் கருவியை உடையோடு அணிந்துகொண்டார்கள். விறகைத் தொடர்ந்தவர்கள் மூச்சிழுத்த பிஎம் 2.5 கன மீட்டருக்கு 71 மைக்ரோகிராம் அளவில் இருந்தபோது, எரிவாயு பெற்றவர்களுக்கு அது 24 ஆக இறங்கியது. இந்தத் துறையில் இவ்வளவு சுத்தமாக ஒரு மாற்றத்தைச் செய்து காட்டுவது அரிது.

2022இல் வந்த முடிவு பலரை உலுக்கியது. பிறந்த குழந்தைகளின் சராசரி எடை, எரிவாயு வீடுகளில் 2921 கிராம். விறகு வீடுகளில் 2898. அந்த வித்தியாசத்தை ஆய்வாளர்கள் தற்செயலிலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை. பின்னர் வந்த முடிவுகளில், ஓராண்டு வரையிலான குழந்தைகளின் கடுமையான நிமோனியாவும் வளர்ச்சிக் குறைவும்கூடக் குறையவில்லை.

எரிவாயு கொடுத்துப் பயனில்லை என்று இதைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. போரூர் குழு இதற்கு முன்பே தமிழ்நாட்டில் 1285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, பிஎம் 2.5 பத்து மைக்ரோகிராம் கூடினால் குழந்தையின் எடை சுமார் 4 கிராம் குறைகிறது என்று 2018இல் சொல்லியிருந்தது. 71இலிருந்து 24க்கு இறங்குவது 47 மைக்ரோகிராம். அந்தக் கணக்குப்படி 19 கிராம் எடை கூட வேண்டும். கூடியது 23. இந்தப் பொருத்தம் எதையும் நிரூபிப்பதில்லை. ஆனால் எதிர்பார்த்திருக்க வேண்டிய பலனே சிறியதுதான் என்பதைக் காட்டுகிறது. அந்தப் பெண்கள் பிறந்ததிலிருந்து புகையில் வளர்ந்தவர்கள். எரிவாயு வந்ததோ கர்ப்பமாகிச் சில மாதங்கள் கழித்து. சில மாதச் சுத்தமான காற்று இருபது வருஷப் புகையைத் துடைத்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மாரடைப்பும் சிஓபிடியும் முப்பது, நாற்பது ஆண்டுகளில் வளரும் நோய்கள். ஒன்றரை ஆண்டுப் பரிசோதனையில் அவை அகப்படா. மேலும் 24 என்பதும் சுத்தமான காற்று இல்லை. உலக சுகாதார அமைப்பு 2021இல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு 5.

விறகடுப்பே இல்லாத நகரத்து வீட்டுக்கு வருவோம். அங்கே புகையின் பெயர்கள் வேறு: கொசுவர்த்திச் சுருள், ஊதுவத்தி, சாம்பிராணி, கடாயில் காயும் எண்ணெய். சீன, மலேசியச் சுருள்களைச் சோதித்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று கண்டது. அதை நாம் எரிப்பது சன்னல் சாத்திய படுக்கையறையில், குழந்தை தூங்கும் கட்டிலுக்குக் கீழே. ஆயிரம் மடங்கு விதி அப்படியே பொருந்தும் இடம் இது. கொசுவலை எவ்வளவு நல்ல கண்டுபிடிப்பு என்று எனக்குத் தோன்றுவது இந்த எண்ணைப் பார்க்கும்போதுதான்.

இப்போது சில ஆயிரம் ரூபாய்க்கு வீட்டுக் காற்றுமானிகள் கிடைக்கின்றன. உள்ளே ஒரு சின்ன விசிறி காற்றை இழுக்கிறது. லேசர் கதிரில் துகள் படும்போது ஒளி சிதறுகிறது. அந்தச் சிதறலை வைத்துக் கருவி எடையை ஊகிக்கிறது. அது எடைபோடுவதில்லை, ஊகிக்கிறது. ஐப்பசி மழையில் சென்னைக் காற்று ஈரத்தால் ததும்பும்போது துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. கருவியும் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது. எனவே அது காட்டும் 48, 52 என்ற எண்களை நம்பி வாதாட வேண்டாம். எப்போது ஏறுகிறது, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்பதைப் பாருங்கள். அதில் அது நேர்மையாக இருக்கும். தாளிக்கும்போது எண் எகிறும். புகை உறிஞ்சும் விசிறியைப் போட்டுவிட்டு அடுத்த நாள் தாளித்துப் பார்த்தால், எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று தெரியும். அலமாரியின் உச்சியில் வைக்காமல், நீங்கள் உட்காரும், படுக்கும் உயரத்தில் வையுங்கள்.

துகளை அளக்கும் கருவிக்கு வாயுக்கள் தெரியாது. குளிரூட்டிய அறையில் இது முக்கியம். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்காற்றையே சுற்றிச்சுற்றிக் குளிர்விக்கிறது. நாம் விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு 4 சதவீதம். இருவர் படுக்கும் அடைத்த அறையில் அது விடிவதற்குள் பத்து லட்சத்தில் 2000 பங்கைத் தாண்டுவது சாதாரணம். வெளிக்காற்றில் இன்று அது 420க்கு மேல். மியூனிக் நகரின் மாக்ஸ் பெட்டன்கோஃபர் 1858இலேயே 1000 என்று ஒரு எல்லையைச் சொன்னார். அந்த வாயு அந்த அளவில் நஞ்சு என்பதற்காக அவர் சொல்லவில்லை. அது ஏறினால் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கிறார் என்று பொருள். சளிக்காய்ச்சல் கிருமியும் அதே வழியில்தான் வருகிறது. காற்றுச் சுத்திகரிப்பான் துகளைப் பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்காது. அதை வெளியேற்றச் சன்னலைத்தான் திறக்க வேண்டும்.

கார்பன் மோனாக்சைடு கதையே வேறு. அதற்கு மணமும் நிறமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றுகிறது. கொடைக்கானலில் குளிருக்காகக் கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியைப் படித்திருப்பீர்கள். சன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் ஓடுவதும் அதே ஆபத்து. பிஎம் 2.5 கருவி இதற்கு எச்சரிக்கை தராது. தனி அலாரம் வேண்டும். அதற்கும் முன்னால், கரியடுப்பும் கேஸ் கீசரும் அடைத்த அறைக்குள் இருக்கக்கூடாது.

எரிவாயு வீடுகளில் கண்ட அந்த 82க்குத் திரும்புகிறேன். ஐஐடி தில்லியின் சாக்னிக் டேயும் ஸ்மித்தும் மற்றவர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு ஒரு கேள்வியைக் கேட்டது. வாகனத்தையும் ஆலையையும் அனல்மின் நிலையத்தையும் தொடாமல், வீடுகளில் எரியும் விறகு, வறட்டி, மண்ணெண்ணெய் ஆகியவற்றை மட்டும் முழுதாக நிறுத்தினால் இந்தியாவின் திறந்தவெளிக் காற்று என்ன ஆகும்? நாட்டின் சராசரி பிஎம் 2.5, அரசின் ஆண்டு வரம்பான 40க்குக் கீழே வந்துவிடும் என்பது அவர்கள் கண்ட விடை. தில்லியின் வானத்தைக் கெடுப்பதிலும் அடுப்படிக்குப் பங்கு இருக்கிறது. 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டமோ நகரங்களையே மையமாகக் கொண்டது. அதன் பணத்தில் பெரும்பகுதி சாலைப் புழுதியை அடக்கவே செலவானது. சாலைப் புழுதி பெரும்பாலும் பெரிய துகள்கள், மூக்கிலேயே தங்கிவிடும் ரகம். உஜ்வலாவில் இணைப்பு வாங்கிய வீடுகளில் பலவும், அடுத்த சிலிண்டருக்குப் பணம் புரளாமல், வெந்நீருக்கும் சோற்றுக்கும் விறகை இன்னும் மூட்டுகின்றன. சிலிண்டர் மானியத்தை எண்ணெய்த் துறையின் செலவாக மட்டும் எழுதாமல், இருதய நோய்க்கான செலவோடும் தில்லியின் குளிர்காலப் புகைமூட்டத்தோடும் சேர்த்து ஒரே கணக்கில் எழுத வேண்டும். அந்தக் கணக்கைப் போடுவதற்குக் கிராமங்களிலும் அளவிடும் நிலையங்கள் வேண்டும். இன்று அவை பெரும்பாலும் நகரங்களில்தான் நிற்கின்றன.